தொடலாம்: மலாவியில் பன்னிரண்டு நாள்

நாள் 1, லிலோங்வே

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியின் தலைநகரில் மதியம் வந்து இறங்கினோம். ஒரு பள்ளிக்கு விலை குறைந்த கணினிகள் கொண்டுவந்திருக்கிறோம். மூன்று பேர், ஆறு பெட்டிகள். மூவரின் துணிமணியும் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது. மற்ற ஐந்திலும் வயர், சின்னத் திரைகள், மவுஸ், சோலார் கன்ட்ரோலர், கருவிகள், எட்டு ராஸ்பெரி பை 400.

சுங்கத்தில் இரண்டு மணி நேரம் ஆனது. பள்ளிக்கான நன்கொடை என்ற கடிதமும், ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணோடு ஒரு பட்டியலும் கையில் இருந்ததால் அதோடு முடிந்தது. இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பட்டியலை வீட்டிலேயே தயார் செய்துவிடுங்கள்.

ராஸ்பெரி பை 400 பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். முழுக் கணினியும் அதற்குள்தான். ஒரு திரையைச் செருகினால் போதும். 2020 நவம்பரில் வந்தபோது விலை 70 டாலர். இதன் மூத்த அண்ணன், சீட்டுக்கட்டு அளவேயான முதல் ராஸ்பெரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் எபென் அப்டனும் நண்பர்களும் அதை ஆரம்பித்த காரணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். கணினி படிக்க வரும் பிள்ளைகள் கணினியை நோண்டிப் பார்த்ததே இல்லை என்ற கவலைதான் அது. கெட்டுப்போனால் வீட்டில் திட்டு விழாத விலையில் ஒன்று வேண்டும் என்று நினைத்தார்கள்.

மாலையில் 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று வாங்கினோம். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நாள் 2, டெட்ஸா

லிலோங்வேயிலிருந்து தெற்கே எம்1 நெடுஞ்சாலையில் சுமார் 85 கிலோமீட்டர். ஏற ஏறக் குளிர்ந்தது. டெட்ஸா மலாவியிலேயே உயரமான நகரம், கிட்டத்தட்ட 1,600 மீட்டர். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். சில இடங்களில் இந்தச் சாலையே எல்லைக்கோடு. ஒரு பக்கம் மலாவி, மறு பக்கம் மொசாம்பிக். டெட்ஸாவிலிருந்து பிரிந்து செம்மண் பாதையில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் பள்ளி.

தலைமை ஆசிரியர் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார். வகுப்புகளைச் சுற்றிக் காட்டினார். ஏழாம் வகுப்பில் 92 பிள்ளைகள், பெஞ்சு பாதிப் பேருக்குத்தான். மலாவி 1994ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது ஒரே ஆண்டில் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்துக்கு வளரவில்லை, அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை.

அப்புறம் கணினி அறை. கதவில் இரண்டு பூட்டு. உள்ளே துணி போர்த்திய பதினொரு மேசைக் கணினிகள், ஆறு வருடத்துக்கு முன் ஒரு குழு கொடுத்துவிட்டுப் போனவை. வரும்போதே பழையவை. கூரையில் சோலார் தகடுகளும் அவர்கள் போட்டதுதான். எட்டு மாதம் ஓடியதாம். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘தொடாதீர்கள்’. துணியில் தூசுகூட இல்லை. ஆறு வருடமாக வாரம் ஒரு முறை அதைத் துவைத்து உலர்த்திப் போர்த்தி வந்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட பொருள் எப்படிச் செத்தது?

நாள் 3

பாதி விடை கூரையில் கிடைத்தது.

சோலார் வேலை தெரிந்த தோழி மேலே ஏறிய வேகத்தில், “தகடு தெற்கே பார்க்குது!” என்று கத்தினாள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தகட்டைத் தெற்கே சாய்ப்பார்கள். மலாவி ரேகைக்குத் தெற்கே 14 பாகையில் இருக்கிறது. இங்கே வடக்கே சாய்க்க வேண்டும். ஜூனில் சூரியன் வடக்கே ஒதுங்கித்தான் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நடுப்பகலில்கூட கிடைக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்திருக்கும். வடக்கே எழுதிய கையேட்டை அப்படியே பார்த்துப் பொருத்திவிட்டார்கள் போல.

மீதி விடை பேட்டரிப் பெட்டியில். திரையோடு சேர்த்து அந்தக் காலத்து மேசைக் கணினி ஒன்று 120 வாட் இழுக்கும். எட்டை ஒன்றாகப் போட்டால் 960 வாட். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. தினமும் அடிவரை வடித்தால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும், சில மாதத்தில் ஆள் அவ்வளவுதான். இங்கே நடந்ததும் அதுதான்.

கணக்கு ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர், அதிகம் பேசாதவர். சட்டென்று சுண்ணாம்புக்கட்டியை எடுத்து எட்டாம் வகுப்புக் கரும்பலகைக்கே போய்விட்டார். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி, பெருக்கினால் 2,400 வாட் மணி. பாதி, 1,200. பழைய கணினி எட்டு என்றால் எவ்வளவு நேரம்? பிள்ளைகள் வகுத்தார்கள்: ஒன்றேகால் மணி. புதியது திரையோடு 20 வாட், எட்டுக்கு 160, பாடங்களை வைத்திருக்கும் சர்வருக்கும் வைஃபைக்கும் 15. இப்போது? ஆறே முக்கால் மணிக்கும் கொஞ்சம் கூட. வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது. விலை குறைந்த கணினி என்றால் எல்லோரும் வாங்கும் விலையைத்தான் பார்க்கிறோம். மின்சாரம் வராத ஊரில் அது எத்தனை வாட் தின்கிறது என்பதும் விலைதான். அதை நான் பத்து நிமிடம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

மாலைக்குள் தகடுகளைத் திருப்பி, புதிய பேட்டரியை இணைத்துவிட்டோம்.

நாள் 4

இன்று முழுக்கப் பழைய கணினிகள். அவற்றைத் தொட நாங்கள் திட்டமிட்டு வரவில்லை. ஆனால் அந்தத் துவைத்த துணியைப் பார்த்த பிறகு அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இன்வெர்ட்டர் வேலை செய்தது. ஒவ்வொன்றாகப் போட்டோம். முதல் கணினி முனகிக்கொண்டே எழுந்து, கறுப்புத் திரையில் இரண்டு வரி காட்டி நின்றது: நேரமும் அமைப்பும் அழிந்துவிட்டன, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். நான் எஃப்1 அழுத்தினேன். ஓடத் தொடங்கியது.

கணக்கு ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். “இந்த வரி வந்தது. பழுது என்று நினைத்து அணைத்துவிட்டோம்.”

“விசையை அழுத்திப் பார்க்கவில்லையா?”

“தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள அது உதவுகிறது. சில வருடத்தில் தீர்ந்துபோகும். அப்போது கணினி ஒரு விசைக்காகக் காத்து நிற்கும், அவ்வளவுதான். மூன்று கணினிகள் இப்படி நின்றிருந்தன. ஒரு விரல் அழுத்தம் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல்.

நான்காவது கணினி பீப் பீப் என்று கத்தியது, திரையில் எதுவும் இல்லை. ரேம் என்ற நினைவகத் தட்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். திருப்புளியை ஆசிரியரிடம் நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மேசை மேலேயே வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். நிமிடம் ஓடியது. எடுத்தார். நான்கு திருகு. மூடியைக் கழற்றியதும் விசிறியின் மேல் ஒரு குளவிக்கூடு, மண் காய்ந்து, கைவிரல் அளவில். அவர் சிரித்தார், வந்ததிலிருந்து முதல் முறையாக. கூட்டைப் பெயர்த்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

ரேமின் இரு ஓரக் கொக்கிகளையும் விலக்கினால் அது தானாக எழும்பி வரும். அதன் அடியில் தங்க நிறத்தில் பற்கள் மாதிரி வரிசை. அது மங்கியிருந்தது. “ரப்பர் வேணும், பென்சில் ரப்பர்” என்றேன். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி தன் பெட்டியிலிருந்து பாதி தேய்ந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆசிரியர் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்தார், ஒரே திசையில், நான் காட்டியபடி. துகளை ஊதிவிட்டு, திரும்பச் செருகி, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினார். பொத்தான். ஒரே ஒரு பீப். திரை வந்தது.

சிறுமி தன் ரப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த அரை மணி நேரத்தில் வாசலில் ரப்பரோடு முப்பது பேர்.

பதினொன்றில் ஆறு பிழைத்தன. மற்ற ஐந்தில் கப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை, வீங்கி வெடித்திருந்தது, அதை இங்கே சரிசெய்ய வழியில்லை. அவற்றைக் கழற்றிப் பழக வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியரே சொன்னார். பெரிய கண்ணாடிக் குழாய்த் திரைகள் இரண்டை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று தனியே எடுத்துவைத்தோம். உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், கண்ணாடியில் ஈயம் வேறு. இந்தத் திரைகளை இங்கே அனுப்பியிருக்கவே கூடாது. மின்கழிவு எல்லை தாண்டினால் வாங்கும் நாட்டின் முன்அனுமதி வேண்டும் என்று பாசல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் திருத்தம் வந்து, 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ‘நன்கொடை’ என்று பேர் ஒட்டி வருவதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பேன்.

நாள் 6

நேற்று வயரிங் மட்டும், எழுத ஒன்றுமில்லை. இன்று முதல் வகுப்பு.

கணினி எட்டு, பிள்ளைகள் 92. ஒன்றுக்கு மூன்று பேர் வீதம் 24 பேர், மற்றவர்கள் ஆசிரியரோடு வகுப்பில். நாற்பது நிமிடத்துக்கு ஒரு குழு. மூவரில் நடுவில் உட்கார்ந்தவர் மவுஸை விடுவதே இல்லை, அது பெரும்பாலும் பையன்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு கைதட்டல், தட்டியதும் இடம் மாற வேண்டும் என்று விதி வைத்தோம். நாளின் மிக முக்கியமான மென்பொருள் அந்தக் கைதட்டல்தான் என்று தோன்றியது.

இணையம் இல்லை. தேவையும் இல்லை. ஒரு சின்ன சர்வரில் கோலிப்ரி இருக்கிறது, இணையம் இல்லாமல் பாடம் காட்டும் மென்பொருள். கணக்கு, அறிவியல் பாடங்களும் பயிற்சிகளும் அதில். கூடவே இணையப் பக்கங்களை இணையம் இல்லாமல் படிக்க உதவும் கீவிக்ஸ், அதில் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும், படங்களோடு கிட்டத்தட்ட 100 ஜிபி. அறைக்குள் மட்டும் ஓடும் வைஃபையில் எல்லாக் கணினியும் அதைப் படிக்கும்.

முதலில் தேடியது சிங்கம், அப்புறம் கால்பந்து வீரர்கள், அப்புறம் டெட்ஸா. தங்கள் ஊர் மலையின் பெயர் திரையில் வந்ததும் ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். ஆசிரியர் வில்லியம் கம்குவாம்பாவைத் தேடச் சொன்னார். வடக்கே கசுங்கு மாவட்டத்துப் பையன். 2001-02 பஞ்சத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளி நின்றுபோய், ஊர் நூலகத்தில் படம் பார்த்து, சைக்கிள் உதிரிகளில் காற்றாலை கட்டி வீட்டில் விளக்கு எரியவைத்தவர். எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. “அவர் அதற்கு முன்னால் என்ன செய்தார் தெரியுமா? ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தார்” என்றார் ஆசிரியர். என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ரப்பர் கொடுத்த சிறுமி தன் பேரைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவள் குடும்பப் பேரில் ஆங்கில டபிள்யூ எழுத்தின் மேல் சின்னக் கூரை போட்ட ஓர் எழுத்து வருகிறது. இங்கே பேசும் சிச்சேவா மொழிக்கு உரிய எழுத்து. மலாவி என்ற பேரையே அந்த எழுத்தோடு எழுதும் வழக்கம் உண்டு. கீபோர்டில் அது இல்லை. “கணினிக்கு என் பேர் தெரியாதா?” என்று கேட்டாள்.

இந்தக் கணினிகளின் இயங்குதளமான லினக்ஸில் அதற்கு வழி இருக்கிறது. வலப்பக்க ஆல்ட் விசையை, இரண்டு குறிகளைச் சேர்த்து ஓர் எழுத்தாக்கும் கம்போஸ் விசையாக மாற்றினேன். “இதை அழுத்து. அப்புறம் இந்தக் கூரை. அப்புறம் டபிள்யூ.” மூன்று விசை. எழுத்து வந்து உட்கார்ந்தது. அவள் அதை அழித்தாள், திரும்ப அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். பிறகு ஒரு வரி முழுக்க அந்த எழுத்தே. கைதட்டல் கேட்டும் நகரவில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை.

நாள் 8

காலையில் சர்வர் எழவில்லை. இரவில் யாரோ மெயின் ஸ்விட்சை நேரடியாக அணைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு ராஸ்பெரி பைதான். ராஸ்பெரி பை தன் இயங்குதளத்தை ஒரு நகம் அளவு எஸ்டி கார்டில் வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட வாய்ப்பு உண்டு. பாடங்களும் விக்கிப்பீடியாவும் எஸ்எஸ்டி என்ற தனிச் சேமிப்பகத்தில் இருந்ததால் தப்பின.

வழக்கமாக இந்த இடத்தில் நான் உட்கார்ந்து அரை மணியில் சரிசெய்துவிடுவேன். இன்று கையைக் கட்டிக்கொண்டேன். கணக்கு ஆசிரியர் எங்கள் லேப்டாப்பில் கார்டில் இயங்குதளத்தை எழுதும் ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து, பெட்டியில் இருந்த மாற்றுக் கார்டைச் செருகி, நாங்கள் சேமித்து வைத்திருந்த நகலை எழுதினார். முதல் தடவை தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்தார். ‘எழுது’ பொத்தானுக்கு முன் தானே நிறுத்தி, தானே திருத்திக்கொண்டார். இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டரை மணி நேரமும் 24 பிள்ளைகள் திரையில்லாத கீபோர்டை வைத்து விரல் பழகினார்கள்.

பிறகு இருவருமாகக் கார்டைப் படிக்க மட்டும் செய்யும் நிலைக்கு மாற்றினோம். அந்த நிலையில் கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாது. திடீரென்று அணைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். என் தவறு.

நாள் 9, இரவு

தூக்கம் வரவில்லை. ஓஎல்பிசி திட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு லேப்டாப்’. 2005ல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 100 டாலர் லேப்டாப் என்று அறிவித்தார். 2007ல் தயாரிப்பு தொடங்கியபோது விலை கிட்டத்தட்ட 200 ஆகியிருந்தது. பெரு நாடு மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் வாங்கியது. அங்கே 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை என்றது.

அதை வைத்து மொத்தத் திட்டத்தையும் வீண் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பச்சை லேப்டாப்பைச் செய்தவர்கள், பிள்ளைகளே பிரித்துப் பூட்டும்படிதான் அதைச் செய்தார்கள். தொலைந்தால் போட்டுக்கொள்ள உபரித் திருகுகளைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள்! ஆனால் பல பள்ளிகளில் கெட்டுவிடும் என்ற பயத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. ஆசிரியர்களுக்கும் போதுமான பயிற்சி இல்லை. திருகு வைத்தவர் மனது அலமாரிச் சாவி வைத்திருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. சாவி வைத்திருந்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பொருள் உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. இங்கும் தலைமை ஆசிரியர்தான் அந்தப் பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

காலையில் அவரிடம் இதைப் பேச வேண்டும்.

நாள் 10

பேசினேன். அவர் இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பதினொரு கணினிக்கும் பதினொரு வரி, கடைசிக் கட்டத்தில் ‘நல்ல நிலையில்’. ஆண்டுதோறும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். வேறு எதை எழுதினாலும் விசாரணை வரும் என்ற பயம்.

எங்கள் கடிதத்தை மாற்றி எழுதினோம். கணினிகள் பள்ளிக்கே சொந்தம், பழகும்போது கெட்டால் யாரும் பொறுப்பேற்கத் தேவையில்லை, ஐந்து பழைய கணினிகள் கழற்றிப் பழகுவதற்கு. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பதிவேட்டில் ஒட்டினார். ஐந்து வரிகளில் ‘நல்ல நிலையில்’ என்பதை அடித்து ‘பயிற்சிக்கு’ என்று எழுதினார். அந்த ஒரு தாள், நாங்கள் கொண்டுவந்த எதையும்விட உபயோகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நாள் 11

ஆசிரியர்கள் ஆறு பேருக்குப் பயிற்சி. பிழைத்த ஆறில் இரண்டை ஆசிரியர் அறைக்கு நகர்த்திவிட்டோம், வினாத்தாள் தட்டச்சுக்கு. தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி தாங்கும். மற்ற நான்கும் மாற்று உதிரிகள். பேட்டரியின் வோல்ட் அளவைக் காலையும் மாலையும் குறிக்க ஒரு நோட்டு, 12.2க்கு இறங்கினால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். நோட்டுப் பொறுப்பு இரண்டு எட்டாம் வகுப்பு மாணவிகளிடம்.

சமூகவியல் ஆசிரியை கேட்டார், “இது இல்லாமலும் பாடம் நடத்துகிறோம். இதனால் எனக்கு என்ன கூடுதல்?” நல்ல கேள்வி. 92 பேருக்கு அவரிடம் இருப்பது நான்கு பாடப்புத்தகம். பதில் சொல்வதற்குப் பதிலாக, அடுத்த வார பாடத்தை கீவிக்ஸில் தேடித்தரச் சொன்னேன். மலாவி ஏரி. படம், வரைபடம், மீன் வகைகள். படிக்க ஆரம்பித்தவர் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகும் பென்சிலால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நாள் 12

காலை ஏழு மணிக்குப் பிக்கப் வந்துவிட்டது. காலிப் பெட்டிகளை ஏற்றினோம். தலைமை ஆசிரியர் கைகுலுக்கினார், “ஸிகோமோ குவாம்பிரி”, மிக்க நன்றி. நாங்களும் அதையே திரும்பச் சொன்னோம். கணக்கு ஆசிரியரைக் காணவில்லை.

கணினி அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சுவரில் பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டை. பலகை மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது, அதன் பின்பக்கத்தில் கழற்றிய திருகுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், தொலையாமல் இருக்க. இரண்டு மாணவிகள் ஒரு பழைய கணினிக்குள் தலையை விட்டிருந்தார்கள். ஆசிரியர் லேப்டாப் முன்னால். இன்னொரு மாற்றுக் கார்டில் நகல் எழுதிக்கொண்டிருந்தார், திரையில் 38 சதவீதம்.

“வண்டி கிளம்புது” என்றேன்.

“பாதியில் விட்டால் கார்டு போய்விடும்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு நினைவு வந்தவராக, திருப்புளி பிடித்த கையைத் தூக்கி ஆட்டினார்.